சுவரைத் தாண்டிய 42.7 நாட்: ஒரு வேகப் பதிவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருகிற யாருக்கும் பெயர் போடவில்லை. சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களும் இதைப் படித்துவிட்டு, இரண்டு இடங்களில் திருத்தம் சொல்லி, வெளியிடச் சம்மதித்தார்கள். நாங்கள் விண்ட்சர்ஃபிங்கில், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றால் ஓடுவதில், வேகம் பதிகிற ஒரு குழு. அந்தக் குழுவின் ஜி.பி.எஸ். கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை என்னுடையது. தவறில் பெரிய பங்கும் என்னுடையதுதான் என்பதால் தன்மையிலேயே எழுதுகிறேன்.

இடம் வெஸ்ட் கிர்பி. இங்கிலாந்தின் வடமேற்கில், டீ ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி, கடலை ஒரு கான்கிரீட் சுவரால் தடுத்துக் கட்டிய ஏரி. பெரும்பாலான இடங்களில் எழுந்து நின்றால் தலை வெளியே இருக்கும். காற்று கடல் பக்கமிருந்து சுவரைத் தாண்டி வரும், அலை வராது. சுவரை ஒட்டிச் சில அடி தூரத்தில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். விண்ட்சர்ஃபிங்கில் வேகம் தேடுபவர்களுக்கு வேண்டியது இதுதான்: பலத்த காற்று, அலையில்லாத தண்ணீர். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் சுவரின் மேல் நடந்துகொண்டிருப்பார்கள். பலகை அவர்கள் காலடியில் சர்ரென்று போகும்.

நான் தொழிலால் நில அளவையாளர், லிவர்பூலில் வேலை. ஜி.பி.எஸ். எனக்குச் சோறு போடுகிற விஷயம். அதனால் குழுவில் சேர்ந்த இரண்டாவது மாதமே, நீயே கோப்புகளைப் பார்த்துக்கொள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதிகாரபூர்வ உலக சாதனை வேறு, நாங்கள் செய்வது வேறு. உலகப் பாய்மர வேகச் சாதனைக் கவுன்சில் 500 மீட்டர் தூரத்தின் சராசரி வேகத்தைக் கணக்கில் எடுக்கும். கண்காணிப்பாளர் கரையில் இருப்பார். எங்களைப் போன்ற குழுக்கள் ஆளுக்கொரு ஜி.பி.எஸ். கருவியைக் கட்டிக்கொண்டு ஓடி, மாலையில் கோப்பை ஏற்றி, பட்டியல் போடுகிறோம். அதில் எல்லோரும் முதலில் பார்ப்பது 2 நொடி உச்ச வேகம். 10 நொடி ஓட்டங்கள் ஐந்தின் சராசரி, ஒரு மணி நேரத் தூரம் என்று வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் டீக்கடைப் பேச்சில் அடிபடுவது 2 நொடி எண்தான்.

பெண்கள் சாதனை எப்படி நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் பின்னால் வருவது புரியும். நமீபியாவின் லூடரிட்ஸில் இந்த ஓட்டத்துக்கென்றே ஒரு கால்வாய் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே 2012-இல் பிரிட்டனின் ஜாரா டேவிஸ் 45.83 நாட் ஓடினார். 2015-இல் சுவிட்சர்லாந்தின் கரின் ஜாகி 46.31. 2017-இல் மறுபடி ஜாரா டேவிஸ் 46.49. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஐந்து வருஷம், ஒரே கால்வாய், உலகின் இரண்டு தலைசிறந்த வீராங்கனைகள், மொத்த முன்னேற்றம் முக்கால் நாட்டுக்கும் குறைவு. அந்த ஐந்து வருஷத்தின் கடைசி மாற்றம் 0.18. இந்த விளையாட்டில் அரை நாட் என்பது சில்லறை இல்லை.

ஆண்களோடு இடைவெளி ஏன் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பெரும் பகுதி எடை. காற்று பாயைத் தள்ளும்போது அதை எதிர்த்துச் சாய்ந்து தாங்குவது ஓட்டுபவரின் உடம்பு. உடம்பு கனமானால் அதே காற்றில் பெரிய பாயைப் பிடிக்கலாம். 2015-இல் 53.27 நாட் ஓடிய பிரான்சின் அந்த்வான் அல்போ ஆஜானுபாகு. அதனால்தான் மெலிந்தவர்கள் எடை ஏற்றிய மேலங்கி போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். விழுந்தால் அதே எடை தண்ணீருக்குள் இழுக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த நிகழ்வின் வீராங்கனைக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பலகை, பாய் எல்லாம் சொந்தக் காசு. பட்டியலில் அவருடைய சிறந்த 2 நொடி வேகம் 38.1 நாட். இரண்டு வருஷமாக அதை அவரால் அசைக்க முடியவில்லை. 40-ஐத் தொட வேண்டும் என்பது ஆசை. அவருக்கு அடுத்த இடத்தில் 37.6 நாட்டோடு இன்னொருவர், வயதில் இளையவர். எங்கள் பெண்கள் பட்டியலில் மொத்தம் 9 பெயர்கள். ஆண்கள் பட்டியலில் 60-க்கு மேல்.

அந்த நாள்

நவம்பர் மாதம், சனிக்கிழமை. விடிகாலையிலிருந்தே காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அன்று உயர் ஓதம் பெரிது, அது வரும்போது கடல் சுவருக்கு மேல் வழிந்து ஏரி கலங்கிவிடும். அதனால் ஓடக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

அவர் எடை மேலங்கியில் 6 கிலோ ஏற்றியிருந்தார். சின்னப் பாய், ஒடுங்கிய பலகை. இடது மணிக்கட்டில் எல்லோரும் கட்டுகிற மாதிரி ஒரு விளையாட்டுக் கடிகாரம். வலது மேற்கையில் (முழங்கைக்கு மேலே), குளிர் தாங்கப் போடும் வெட்சூட்டின் மேல் ஒரு பட்டையில், வேகப் பதிவுக்கென்றே செய்த பழைய கருவி ஒன்று. அதன் திரை கீறிப்போயிருந்ததால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதையும் கட்டிக்கொள் என்று முந்தைய வாரம் நான்தான் சொல்லியிருந்தேன். ஏதோ முன்யோசனையில் சொன்னதில்லை, புதிய மென்பொருளைச் சோதிக்க எனக்குக் கோப்பு வேண்டியிருந்தது.

ஒன்பதாவது ஓட்டத்தில், சுவர் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், பெரிய காற்று வீச்சு ஒன்று வந்தது. பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது. அவர் பாயோடு சேர்ந்து முன்னால் பறந்து விழுந்தார். சுவரில் நின்றவர்கள் ஓடினார்கள். ஆழம் இல்லாததால் எழுந்து நின்று கையை ஆட்டினார். தோளில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

கரைக்கு வந்து கையுறையைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்த்தார். 42.7.

அப்புறம் என்ன, ஒரே கூச்சல். ஒருவர் கடிகாரத்தைப் படம் எடுத்தார். அவர் வெட்சூட்டைக் கழற்றி முடிப்பதற்குள் படம் குழுவில் எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது. நானும் கட்டைவிரல் காட்டினேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

கோப்பில் கண்டது

இரவு எட்டு மணிக்குக் கடிகாரத்தின் கோப்பு வந்தது. முதலில் உறுத்தியது எண்களுக்கு இடையே இருந்த பொருத்தமின்மை. 2 நொடி உச்சம் 42.7, ஆனால் அதே ஓட்டத்தின் சிறந்த 10 நொடி 37-க்கும் கீழே. இந்த ஏரியில் நல்ல ஓட்டம் ஒன்றில் இந்த இரண்டுக்கும் ஒன்று, ஒன்றரை நாட் வித்தியாசம் இருக்கும். ஆறு நாட் இருக்காது.

ஓட்டத்தின் கடைசிப் பகுதியை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தேன். 36.8, 36.9, 36.4, 34.0, 28, 9. அதாவது விழுந்துவிட்டார். அதற்கு அடுத்த நொடி 42.9. அதற்கடுத்து 42.5. அப்புறம் 12. அப்புறம் பூஜ்ஜியம்.

விழுந்தால் ஒரு நொடியில் வேகம் போய்விடும், அது இயற்கை. ஆனால் 9 நாட்டிலிருந்து 42.9-க்கு ஒரே நொடியில் ஏறுவதென்றால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு வேண்டும். பாயும் பலகையும் கையை விட்டுப் போன ஒருவருக்கு அதை யார் கொடுப்பது?

வரைபடத்தில் தடத்தைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது. அந்த 2 நொடியில் அவர் கான்கிரீட் சுவரைக் கடந்து, அந்தப் பக்கம் முகத்துவாரத்துக்குள் 40 மீட்டருக்கு மேல் போயிருந்தார். கூடவே, செயற்கைக்கோள் எண்ணிக்கை 11-இலிருந்து 4-க்கு இறங்கியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஜி.பி.எஸ். சமிக்ஞை தண்ணீரைத் துளைக்காது. மணிக்கட்டு மூழ்கியதும் கடிகாரம் குருடாகிவிட்டது. கை வெளியே வந்தபோது நாலே நாலு செயற்கைக்கோளை வைத்துக்கொண்டு இடத்தை ஊகித்தது, அந்த ஊகம் சுவருக்கு வெளியே விழுந்தது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை வேகமாக மாற்றிக் காட்டிவிட்டது. அவர் அந்த நேரத்தில் தண்ணீருக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேற்கையில் இருந்த கருவி

மறுநாள் காலை அந்தப் பழைய கருவியை வாங்கிவந்தேன். அது நொடிக்கு 5 முறை பதிவு செய்வது. முக்கியமாக, வேகத்தை டாப்ளர் முறையில் எடுப்பது. செயற்கைக்கோள் சமிக்ஞையின் அலைவெண் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து வேகத்தை நேரடியாகக் கணக்கிடும், இடப்புள்ளிகளை நம்பாது. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் எவ்வளவு தவறு இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் எழுதிவைக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு நொடியில் இடப்புள்ளி ஒரு மீட்டர் தள்ளிப் போனால், வேகத்தில் ஏறக்குறைய ஒரு நாட் கூடிவிடும். ஒரு மீட்டர் என்பது சாதாரணக் கடிகாரத்துக்கு ஒன்றுமே இல்லை, மரத்தடியில் நின்றாலே அதைவிட அதிகம் தவறும். அதே ஒரு மீட்டர் 500 மீட்டர் ஓட்டத்தில் தவறினால், 46 நாட் வேகத்தில் 0.1 நாட்கூட வராது. லூடரிட்ஸில் 0.18 வித்தியாசத்தைச் சாதனை என்று ஏற்க முடிகிறது, எங்கள் ஏரியில் கடிகாரத்தின் 1 நாட் வித்தியாசத்தைக்கூட அப்படியே நம்ப முடியாது.

மேற்கைக் கருவியில் அன்றைய சிறந்த 2 நொடி: 38.6 நாட். அதுவும் விழுந்த ஓட்டத்தில் இல்லை, ஆறாவது ஓட்டத்தில். தவறு மதிப்பீடு சின்னது. முன்னும் பின்னும் வேகம் படிப்படியாக ஏறி இறங்கியிருந்தது. சுத்தமான பதிவு.

எடுத்த முடிவு

ஞாயிறு மாலை அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். மூன்று வழிகள் இருந்தன. கடிகாரம் எல்லோரும் பயன்படுத்துவதுதான், திரையில் எண் வந்தது வந்ததுதான் என்று 42.7-ஐ ஏற்றிவிடலாம். அந்த 2 நொடியை மட்டும் வெட்டிவிட்டுக் கடிகாரத்தின் அடுத்த சிறந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அல்லது கடிகாரத்தையே விட்டுவிட்டு மேற்கைக் கருவியின் 38.6-ஐ மட்டும் கொடுக்கலாம்.

முதலாவதை அவர் பேசவே விடவில்லை. தடம் சுவரைத் தாண்டும் படத்தைப் பார்த்ததும் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவிட்டார். இரண்டாவது எனக்குக் கொஞ்சம் சபலமாக இருந்தது, ஏனென்றால் கடிகாரத்தின் அடுத்த எண் 39.4. அவர் 40-க்கு அவ்வளவு பக்கத்தில் வந்தார் என்று எழுத எனக்கும் ஆசை. ஆனால் ஒரே கருவியில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பக்கத்து எண்ணை மட்டும் எப்படி நம்புவது? 39.4 வந்த அதே நொடிகளில் மேற்கைக் கருவி 38.3 காட்டியது. மூன்றாவதை எடுத்தோம்.

இதில் என்னுடைய வாதம் ஒன்று இருந்தது, அதை அவரிடமும் சொன்னேன். 60 பேர் இருக்கிற ஆண்கள் பட்டியலில் ஒரு பொய் எண் நடுவில் எங்கேயோ புதைந்துபோகும், யாருக்கும் பெரிய சேதம் இல்லை. 9 பேர் இருக்கிற பட்டியலில் அது நேராக உச்சியில் போய் உட்காரும். கீழே இருக்கிற 8 பேரும் வருஷக்கணக்கில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். பெண்கள் பட்டியலில் எப்போதும் ஆள் குறைவு என்பதாலேயே அதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வருகிற நாலு பேரையும் கேள்வி கேட்டு விரட்டிவிடாதே என்று ஒருவர் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நான் பேசி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. அந்த 38.1-ஐ யார் பார்த்தது?

பழைய கோப்பு

அதைப் பார்த்தது நான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோப்பு. அன்று அவர் கட்டியிருந்தது இதே கடிகாரம். கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பியிருந்தார். அப்படி மாற்றும்போது இடமும் நேரமும் மட்டும் மிஞ்சும், கடிகாரம் தனியாகப் பதிந்த வேக எண்கள் விழுந்துவிடும். மென்பொருள் புள்ளிகளிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு 38.1 என்றது. நான் சுருக்கப் பக்கத்தைப் பார்த்தேன், விழுந்த அடையாளம் இல்லை, எண்ணும் நம்பும்படி இருந்தது, சரி என்று போட்டுவிட்டேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அசல் கோப்பு அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்தது. அதிலுள்ள வேக எண்களை எடுத்துப் பார்த்தால் 37.2.

42.7-ஐ எடுத்த எடுப்பிலேயே சந்தேகிக்கத் தோன்றியது. 38.1 அப்படி இல்லை. நம்பக்கூடிய அளவுக்கே பொய்யாக இருந்தது, அதனால்தான் இரண்டு வருஷம் நின்றது. அந்த இரண்டு வருஷமும் அவர் நல்ல காற்றில் 37.5, 37.8 என்று ஓடிவிட்டு, வயதாகிவிட்டது போல என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த ஓட்டங்கள் ஒவ்வொன்றும் உண்மையில் அவருடைய சிறந்த ஓட்டத்தைவிட மேலானவை. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து கெண்டியில் தண்ணீர் வைத்தார்.

அப்புறம் நடந்தது

குழுவுக்கு அவரே செய்தி எழுதினார். மூன்று வரி. 42.7 தவறு, 38.6 சரி, பழைய 38.1-ம் தவறு, அது 37.2. தடம் சுவரைத் தாண்டும் படத்தையும் இணைத்தார். இரண்டு நாள் கிண்டல் ஓடியது, சுவர் தாண்டும் முதல் பெண் என்று. அதை அவர் ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

எனக்குக் கனமாக இருந்தது இளையவருடன் பேசியது. அவருடைய 37.6 இரண்டு வருஷத்தில் ஒரு நல்ல பகுதிக்கு உண்மையான முதலிடம். அது தெரியாமல், அரை நாட் பின்தங்கியிருக்கிறோம் என்று நினைத்து, போன வருஷம் ஒரு புது ஃபின்னும் (பலகையின் அடியில் பொருத்தும் துடுப்பு) புதுப் பாயும் வாங்கியிருந்தார். எடை மேலங்கியில் 6 கிலோவிலிருந்து 9-க்குப் போயிருந்தார். அந்த மூன்று கிலோதான் என்னை உறுத்தியது. பணம் போனால் போகட்டும், பட்டியலில் நான் விட்ட ஒரு எண்ணுக்காக ஒருவர் தண்ணீரில் கூடுதல் எடையோடு விழத் துணிந்திருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தன்னுடைய 37.6-ஐயும் முதலில் சரிபார்க்கச் சொன்னார். பார்த்தேன். டாப்ளர் பதிவு, சுத்தமான ஓட்டம். 37.6-தான்.

அடுத்த மார்ச்சில் ஒரு நல்ல காற்று கிடைத்தது. மூத்தவர் இரண்டு கருவிகளோடு 39.3 ஓடினார். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1. அதே நாளில் இளையவர் 38.9. எடை மேலங்கியை 6 கிலோவுக்கே இறக்கியிருந்தார். 40 இன்னும் இருவருக்கும் வரவில்லை.

எதை மாற்றினோம்

முதல் இரண்டு இடத்துக்கு வரும் எந்த எண்ணுக்கும் இப்போது இரண்டு கருவிகள் வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கருவி மேற்கையில் அல்லது தலைக்கவசத்தில் இருக்க வேண்டும், மணிக்கட்டில் கூடாது. மணிக்கட்டு பூமை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பைப் பிடித்திருக்கும் கை, உடம்புக்கும் பாய்க்கும் நடுவே மறைந்து கிடக்கும், விழும்போது முதலில் மூழ்குவதும் அதுதான். மாற்றிய கோப்பு செல்லாது, கருவியிலிருந்து வந்தபடியே வேண்டும். இதெல்லாம் ஆண்களுக்கும் சேர்த்துத்தான். சிலர் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

என் வேலையில் மாறியது: சுருக்கப் பக்கத்தை இப்போது கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் நொடிவாரி எண்கள், பிறகு வரைபடத்தில் தடம், பிறகு தவறு மதிப்பீடு. ஒரு கோப்புக்கு 15 நிமிடம் ஆகிறது. வேகமான எண்ணைவிட, எதிர்பார்த்த எண்ணை அதிகம் சந்தேகிக்கிறேன். கரையில் நின்று எண் கேட்டுக் கூச்சல் போடுவதை நிறுத்தச் சொன்னேன், அது நடக்கவில்லை. மூத்தவர் அதற்குத் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். இறங்குவதற்கு முன் கடிகாரத்தின் முகத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுகிறார். கோப்பு பார்த்து முடித்த பிறகுதான் அதை உரிப்பார்.

பெண்கள் பட்டியலின் மற்ற எல்லா எண்களையும் திரும்பச் சரிபார்த்தேன். நாலு சரியாக இருந்தன, ஒன்று 0.2 ஏறியது. மீதி இரண்டுக்கு அசல் கோப்பே இல்லை. இருவரும் குழுவை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. ஒருவருடைய கருவி தண்ணீர் புகுந்து குப்பைக்குப் போய்விட்டதாகச் சொன்னார், இன்னொருவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அந்த எண்களை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, சரி என்று போடவும் கை வரவில்லை. இரண்டு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன்.